டாக்டரம்மாவிடம் நான் சொன்ன பொய்

"வாந்தி எடுக்க வெச்சீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

பொய். உப்புத்தண்ணீர் கரைத்து ஊற்றினேன். தொண்டைக்குள் விரலையும் விட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

எழுத உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் நான் பட்ட பாட்டையெல்லாம் வரிசையாகச் சொல்லி, உங்களை 'அய்யோ பாவம்' என்று உச்சுக்கொட்ட வைத்துவிட்டு, கடைசியில் மெதுவாக அவிழ்ப்பேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. என் மகள் கவிதா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாக இருக்கிறாள். மழை பிடித்தால் மட்டும் கொஞ்சம் இருமுவாள். இந்த வாரம் மழை, இருமுகிறாள், எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கணபதி என்கிற பகுதியில் இருக்கிறது. முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை. என் வீட்டுக்காரர் கிணற்று மோட்டார்களைப் பிரித்து, பேரிங் மாற்றி, செம்புக்கம்பியால் காயில் சுற்றிக் கொடுக்கிறவர். கல்யாணமாகி வந்த ஆறாம் மாதமே நானும் காயில் சுற்றப் பழகிவிட்டேன். இது நடந்த வருஷம் கவிதாவுக்கு இரண்டரை வயது, சின்னவனுக்கு ஐந்து மாதம். அவள் பகலில் தூங்க மாட்டாள், அவன் ராத்திரியில் தூங்க மாட்டான். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு முறைபோட்டு என்னை விழிக்க வைத்தார்கள். பெத்த மனம் பித்து என்பார்கள். என் மனம் பித்தாகவெல்லாம் இல்லை. அலுத்துப்போயிருந்தது. அலுப்பு என்று சொல்லத் தெரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஆயுத பூஜைதான் பெரிய நோம்பி. பூஜையில் வைத்த சாமானை அடுத்த நாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. அதனால் முதல் நாள் பொழுது சாய்வதற்குள் ஸ்பேனரிலிருந்து லேத் மெஷின் வரைக்கும் பிசுக்கு போகக் கழுவியாக வேண்டும். தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் கழுவுவது மண்ணெண்ணெயில். அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க அந்த வாசம்தான் அடிக்கும்.

வேலைக்கு இருந்த இரண்டு பேரும் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் அவருமாகக் காலையிலிருந்து கழுவினோம். மதியத்துக்குமேல் அவர் பொரிகடலையும் வாழைக்கன்றும் வாங்கக் கிளம்பினார். பேரிங் ஊறப்போடும் தகரடப்பாவில் அவர் நட்டுகளைப் போட்டு வைத்திருந்தார். எழுந்துபோய் வேறு டப்பா தேட எனக்கு உடம்பு வணங்கவில்லை. பக்கத்தில் காப்பி குடித்த லோட்டா ஒன்று கிடந்தது. எவர்சில்வர் டம்ளரைத்தான் எங்கள் பக்கம் லோட்டா என்போம். அதில் ஊற்றினேன். பட்டறைக்கு வாங்குவது வெள்ளை மண்ணெண்ணெய், பார்த்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். பிரஷ்ஷை முக்குவதற்குள் உள்ளே சின்னவன் வீறிட்டான். லோட்டாவைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

கவிதா "பொரி, பொரி" என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். காலையிலிருந்து அதே பாட்டுத்தான்.

"அக்கட்டால போயித் தொலை, சனியனே! செத்த நேரம் என்னைய உடு!" என்றேன்.

போய்விட்டாள். சின்னவன் பால் குடிக்க ஆரம்பித்தான். வீடு சத்தமில்லாமல் ஆனது. அந்த அமைதி எவ்வளவு சுகமாக இருந்தது என்பது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் என்னவோ செய்கிறது என்று அர்த்தம். அது எந்தத் தாய்க்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ரெண்டே நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

இருமல் கேட்டுத்தான் ஓடினேன். கவிதா முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய நின்றாள். லோட்டா உருண்டு கிடந்தது. அவளுடைய வாயில் மண்ணெண்ணெய் நாற்றம். பக்கத்துப் பட்டறைக்காரர் சம்சாரம் என் கூச்சல் கேட்டு வந்து, "உப்புத்தண்ணியக் குடுத்து வாந்தியெடுக்க உடுங்க, அல்லாம் வெளிய வந்துரும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரளி விதையோ எலி மருந்தோ, எதைத் தின்றாலும் எங்கள் ஊரில் அதைத்தான் செய்வோம். அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன். ஒவ்வொரு தடவை வாந்தி வரும்போதும் அவளுக்குப் புரையேறியது. புரையேறுவது நல்லதுக்கு என்று நினைத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். சின்னவனைப் பக்கத்துப் பட்டறையில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கேதான் அந்தக் கேள்வி. டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், சிரிக்காத முகம். அவர் கேட்ட தொனியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, செய்யக்கூடாததைச் செய்திருக்கிறோம் என்று. லோட்டாவில் ஊற்றியது நான். எழுந்திருக்காதது நான். இதுவும் நானா? வாய் தானாக "இல்லீங்க" என்றது.

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். "வயித்துக்குள்ள போன சீமெண்ணெய் அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடக் கூடாது. ரொம்ப மெலிசான எண்ணெய் இல்லையா, ஒரு சொட்டு நுரையீரல்ல இறங்கினாலும் பரவி உள்ள வெந்த மாதிரி ஆக்கிடும். வாந்தி எடுக்க வெச்சா மேல வரும்போது அங்கதான் போகும்."

நான் தலையை ஆட்டினேன். அவர் பேசப் பேச என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வேண்டாத தெய்வமில்லை. எல்லாச் சாமிக்கும் நேர்ந்தேன். எதனிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் என் நங்கை வந்துவிட்டார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அன்னூரில் இருக்கிறார். நல்ல மனுஷி, ஆனால் வாயைத் திறந்தால் காவேரி வெள்ளம். சின்னவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வந்தவர், வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா கந்தசாமி, உனக்கு அறிவிருக்குதா? புள்ளைக நடமாடற ஊட்ல, குடிக்கிற லோட்டாவுல சீமெண்ணெய ஊத்தி வெப்பயாடா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

அவர் திருதிருவென்று விழித்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவரும் கையில் அகப்பட்டதிலெல்லாம் ஊற்றி ஊற்றித்தான் வைத்தார். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "நாந்தான் வெச்சுப்போட்டனாட்ட இருக்குதுக்கா. காப்பி குடிச்ச லோட்டா நெனப்பே இல்லாமப் போச்சு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கவிதாவின் போர்வையை இழுத்துவிட்டேன். ஏற்கெனவே சரியாக இருந்த போர்வை.

அன்றிரவு காய்ச்சல் வந்தது. மூச்சு வேகமெடுத்தது. நர்ஸ், கவிதாவின் சட்டையை விலக்கி, நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று என்று எப்படி எண்ணுவது எனக் காட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு எண்ணினேன். ஐம்பது. ஐம்பத்தாறு. அறுபத்திரண்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்கியது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். அவள் அழக்கூட இல்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

எனக்கு இன்னொரு கஷ்டம். சின்னவனைப் பிரிந்து அரை நாள்கூட ஆகவில்லை, மார்பில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்து, சேலையும் நனைந்து, புளித்த வாடை அடித்தது. இங்கே இருந்தால் அவனை விட்டுவிட்டேன். அங்கே போனால் இவளை விட்டுவிட்டேன். எங்கே இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு நான் துரோகிதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த கட்டிலில் டவுன்ஹால் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் மனைவி, மும்தாஜ் அக்கா. அவருடைய மகனுக்கு இளைப்பு, அடிக்கடி வந்து பழகிய ஆள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏன் கண்ணு, பால் கட்டிக்கிச்சா? சொல்றதுக்கென்ன? வா, வா" என்று என்னை மூலைக்குக் கூட்டிப்போய், தன் போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து மறைத்தார். "பீச்சி உட்று. இல்லீன்னா உனக்கும் காச்சல் வந்துரும், அப்பறம் இன்னொரு கட்டில்ல நீ படுக்கோணும்."

பீச்சியதைக் கழுவும் தொட்டியில் கொட்டும்போது அழுகை வந்துவிட்டது. "நாந்தானுங்க்கா எம்புள்ளைய இப்படிப் பண்ணிப்போட்டேன்" என்றேன்.

அவர் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கை வலித்திருக்கும், போர்வையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எல்லாத் தாயும் அதைத்தான் சொல்லுது இந்த வார்டுல. நானும் சொன்னவதான். மொதல்ல ரவிக்கையை மாத்து" என்றார். அவருடைய பையிலிருந்து ஒரு ரவிக்கை கொடுத்தார். எனக்கு இரண்டு சுற்று பெரியது. அதைத்தான் அடுத்த நாள் முழுக்கப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஆயுத பூஜையன்று, கவிதா கண்ணே திறக்கவில்லை. கூப்பிட்டால் முனகினாள். காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டரம்மா வந்து கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நேற்றைய சீட்டைத் திரும்பப் படித்தார்.

"வாந்தியே எடுக்கலைங்கறீங்க. இருமல் கொஞ்சம் இருந்துச்சு, அவ்வளவுதான். அப்படின்னா இவ்வளவு காய்ச்சலும் மயக்கமும் எனக்குச் சரியாப் படலை. சீமெண்ணெய் கூடவே வேற ஏதாவது நோய் வந்திருக்கலாம். மூளையைச் சுத்தி ஒரு நீர் இருக்கும். அதுல கிருமி இருக்கான்னு பார்க்கணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நாலு சொட்டு எடுப்போம். பயப்படாதீங்க. அப்பாவைக் கையெழுத்துப் போட வரச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நர்ஸ் கவிதாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகை வளைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் காட்டினார். இரண்டரை வயதுப் பிள்ளையின் முதுகு எவ்வளவு சின்னது தெரியுமா? என் கை ஒன்று போதும், மறைந்துவிடும். நான் சொன்ன ஒரு "இல்லீங்க"வுக்கு அந்த முதுகில் ஊசி.

டாக்டரம்மா அடுத்த வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் முன்னால் நின்றேன். செருப்புக்கூடப் போடவில்லை.

"வாந்தி எடுக்க வெச்சனுங்க. மூணு தடவை. உப்புத்தண்ணி. வெரலை உட்டு... ஒவ்வொரு தடவையும் பொறையேறுச்சுங்க. நேத்து பொய் சொல்லிப்போட்டனுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தே போனேன். "மூணு தடவையா?" என்றார். திரும்பி வந்து கவிதாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்தபோது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எனக்கே காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், கீழே இரண்டு பக்கமும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"இது நிமோனியா. எண்ணெய் போய் உண்டாக்கினது. எல்லாம் இதுல இருந்துதான் வருது, மயக்கமும் இதனாலதான் இருக்கணும். முதுகு ஊசி இப்ப வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்" என்றார். படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "உப்புத்தண்ணி எல்லாருந்தான் குடுக்கறாங்க. அதுக்கு நான் திட்ட மாட்டேன். கேட்டப்ப மறைச்சீங்களே, அதுக்குத் திட்டறேன். உங்க மானத்தைக் காப்பாத்தவா நான் இங்க உக்காந்திருக்கேன்?"

வார்டே கேட்டது. கேட்கட்டும். முதுகைத் தொடவில்லை, அது போதும்.

ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன். மருந்துப் பொட்டலத்தோடு அவர் மேலே வந்தபோது, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "நெஞ்சுலதான் கோளாறாமுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாள் அறுபதும் ஐம்பதுமாக மூச்சு எண்ணிக் கழிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் காலை ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். கவிதா எழுந்து உட்கார்ந்து, கரகரத்த குரலில் மும்தாஜ் அக்காவின் மகனுடைய பிஸ்கட்டைக் கேட்டாள். நான் சிரித்தேன், அழுதேன், இன்னும் என்னென்னவோ செய்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நங்கை திட்டியதிலிருந்து நாலு நாளாக என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்திலேயே வரவில்லை. கஞ்சி கொண்டுவருவார், மருந்து வாங்கி வருவார், மொபெட்டில் அன்னூர் போய் நங்கையையும் சின்னவனையும் கூட்டிவருவார். வார்டுக்குள் கைக்குழந்தையை விடமாட்டார்கள் என்பதால் கீழே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுப்பேன். இத்தனையும் செய்தவர், வார்டு வாசலைத் தாண்டவில்லை. அன்றைக்குக் கவிதா அவரைப் பார்த்து, "அப்பா, தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். படியில் இறங்கும்போது, "இந்தக் கையில தொடறதுக்கே பயமா இருக்குது சரசு. பட்டறைய மூடிப்போட்டு எங்கியாச்சும் மில்லுல சேந்துக்கறேன்" என்றார்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னவன் பால் குடித்துக்கொண்டிருந்தான். நங்கை காப்பி குடிக்கப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டி, மறைவாக நின்றிருந்தார். அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஏனுங்க, லோட்டாவுல ஊத்துனது நீங்க இல்லீங்க. நானுங்க."

அவர் திரும்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தொலை என்றதை, சனியனே என்றதை, உப்புத்தண்ணீரை, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யை. கடைசியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையும் சொன்னேன்.

"சத்தமில்லாம இருந்துச்சுங்க. எனக்குத் தெரிஞ்சுது, என்னமோ பண்றான்னு. அந்தச் சத்தமில்லாம இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சுங்க. அதுக்காவ எந்திரிக்கல."

"நாலு நாளா" என்றார் அவர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நாலு நாளா எங்கக்கா என்னைய வாய்க்கு வந்தபடி பேசுச்சு. நீ பக்கத்துலயே நின்னுட்டிருந்தே."

"ஆமாங்க."

அவர் போய்விட்டார். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. நான் சின்னவனை நங்கையிடம் கொடுத்துவிட்டு மேலே போனபோது, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கவிதாவை மடியில் இறுக்கி வைத்திருந்தார். அவள் நசுங்கிப்போய் "உடுப்பா" என்று கத்திக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் நங்கையிடமும் நானே சொன்னேன். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா வாழ்க்கையில் முதல்தடவையாகப் பேச்சு வராமல் நின்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "இதச் சொல்றதுக்கு உனக்கென்னடா கேடு?" என்று அதற்கும் அவரையே திட்டினார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவர் என்னோடு பேசவில்லை. கேட்டால் ம், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது, ஆனால் பைத்தியம் பிடித்தது. ராத்திரியில் எழுந்து எழுந்து கவிதாவின் மூச்சை எண்ணினேன். அறைக்குள் பெருக்கினேன், பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினேன். ஒரு வாரம் கழித்து ஒருநாள் ராத்திரி, நான் மூச்சு எண்ணிக்கொண்டிருந்தபோது, படுத்தபடியே பேசினார்.

"அன்னைக்கு அவ்வளவு அலுப்பா இருந்துச்சா?"

"ஆமாங்க."

"அதைச் சொல்றதுக்கு என்ன? தூக்கம் வருதுன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன உன்னைய முழுங்கியா போடுவேன்? இனித் தூக்கம் வந்தா சொல்லு, புள்ள."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம். கவிதா சோற்று வட்டிலைக் கவிழ்த்துவிட்டு உருண்டு புரண்டு கத்துகிறாள். சின்னவனும் கூடச் சேர்ந்து வீறிடுகிறான். என் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கையோடு பட்டறை வாசலுக்குப் போய் நின்றேன். மோட்டாரோடு பெரியநாயக்கன்பாளையத்து ஆள் ஒருவர் காத்திருந்தார். அந்நிய மனுஷன் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஏனுங்க, எனக்குத் தூக்கம் வருதுங்க" என்றேன்.

அவர் லேத்தை நிறுத்தினார். "இருங்க, வாரேன்" என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து இரண்டு பேரையும் இரண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பட்டறையில் இரண்டும் கத்துவது கேட்டது. அவர் அதட்டுவதும், எதையோ கீழே போடுவதும், அந்த ஆள் சிரிப்பதும் கேட்டது.

கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. எந்தச் சத்தம் யாருடையது என்று காது பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. எழுந்துபோய்ப் பிள்ளைகளை வாங்கிக்கொள் என்று கால் பரபரத்தது. பாயின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் படுத்திருந்தேன்.